நோயர் தமிழில் அழுகிறார். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார்!

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இரண்டு முதுநிலைப் படிப்புகள் ஒன்றையொன்று அறியாமலே நடந்து வருகின்றன. ஒன்று தமிழ் முதுகலை. அங்குத் தொல்காப்பியமும் கழக நூல்களும் கற்பிக்கப்பெறுகின்றன. மற்றொன்று மருத்துவ உளவியல். அங்கு மாந்த உள்ளத்தின் நோயும் அதனைத் தீர்க்கும் வழியும் கற்பிக்கப்பெறுகின்றன. முன்னது தமிழில் நடக்கின்றது; ஆகவே அதற்குப் பிழைப்பில்லை என்கின்றனர். பின்னது ஆங்கிலத்தில் நடக்கின்றது; ஆகவே அதற்கு மதிப்புண்டு என்கின்றனர். இப் பிழைப்புக்கும் மதிப்புக்கும் இடையில் நசுங்குகின்றவன் யார்? ஆங்கிலம் அறியாத, உள்ளம் நொந்த தமிழன்! அவன் சார்பாகவே இக் கட்டுரை எழுதப்பெறுகின்றது.

உடலுக்கு நோய் வந்தால் மருத்துவர் குருதியை ஆய்ந்து பார்ப்பார். ஊடுகதிர்ப் படம் எடுப்பார். நோயர் வாய் திறவாவிடினும் அவை பேசும். உள்ளத்து நோய்க்கோ பெரும்பாலும் நோயரின் சொல்லே சான்று. அவர் எந்தச் சொல்லைச் சொன்னார், எந்தச் சொல்லில் தயங்கினார், எதனைச் சொல்லாமல் விழுங்கினார் என்பனவற்றையே மருத்துவ உளவியலார் கேட்டறிதல் வேண்டும். மொழியே அவர்க்கு நாடி. மொழியே அவர் கையிலுள்ள மருந்து. இத்தகைய துறையை நோயரின் மொழியில் கற்பியாது அயன்மொழியில் கற்பிப்பது, நாடி பார்க்கும் விரலுக்குத் தடித்த உறை மாட்டுவதை ஒக்கும் அன்றோ?

மகனைச் சாகக் கொடுத்த தாயொருத்தி, “பெற்ற வயிறு பற்றி எரிகிறதே!” என்கிறாள். அதனைக் கேட்கும் எந்தத் தமிழனுக்கும் விளக்கம் வேண்டா. ஆனால், ஆங்கிலப் பாடநூலை மட்டுமே உருப்போட்டு வந்த மாணவர், அவள் கூற்றை ஆங்கிலமாக்கி நோய்க்குறிப்பில் எழுதும்பொழுது அஃது வெறும் வயிற்றெரிச்சலாகிவிடுகின்றது! “நெஞ்சை அடைக்கிறது” என்பது நெஞ்சக நோயாகிவிடுகின்றது. “ஈரற்குலை நடுங்குகிறது” என்பதோ எழுதவே இயலாமல் விடுபட்டுப் போகின்றது. இவ்வளவும் செய்துவிட்டு, உள்ளத்தைச் சொல்லத் தெரியாதவர்கள்தாம் உடலைச் சொல்கிறார்கள் என்று கீழைநாட்டு மக்களையே குறைகூறிய மேலை நூல்களும் உண்டு. அவற்றை நம் பிள்ளைகளே படித்து, நம் தாய்மாரையே அளக்கின்றனர். இதனினும் இழிவு வேறு உண்டோ?

உள்ளத்தில் எழுவது உடலில் வெளிப்படும் என்பது தமிழனுக்குப் புதிய செய்தியா? தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் அதற்கென்றே ஓர் இயல் உள்ளது. மெய்ப்பாட்டியல் என்பது அதன் பெயர். மெய்யின்கண் படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்கள் நந்நான்கு எனக் கூறும் முறைமையை அங்குக் காண்க! அழுகை பிறப்பதற்கு அவர் காட்டும் நான்கும் எவை? பிறரால் இழிவுபடுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், முன்னை நன்னிலையினின்று தளர்தல், வறுமை. இன்று உளநல மருத்துவமனையின் வாயிலில் நிற்போரை வினவிப் பாருங்கள்! இந் நான்கனுள் ஒன்றேனும் இல்லாதவர் மிகச் சிலராகவே இருப்பர். இளம்பூரணரும் பேராசிரியரும் உரையெழுதிய இவ் வியலை மருத்துவ உளவியல் மாணவர் பெயரளவிலேனும் அறிவதில்லை.

உடனே சிலர், “எல்லாம் எம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டனர்” என்று மார்தட்டக் கிளம்புவர். அதுவும் எமக்கு உடன்பாடன்று. தொல்காப்பியர் எழுதியது பொருளிலக்கணம், நோய்நூல் அன்று. உளச்சிதைவுக்கு மருந்து அதில் இல்லை. ஆனால், தமிழ் பேசும் ஓருள்ளம் தன்னை எவ்வாறு வெளிப்படுத்தும் என்பதற்குரிய திறவுகோல் அதில் உள்ளது. திறவுகோலைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கதவை உடைக்க அயலானிடம் கடப்பாரை கேட்பது அறிவுடைமையா?

மேலை நாட்டார் என்ன செய்தனர் என்று பார்ப்போம். சிக்மண்டு பிராய்டு தம் தாய்மொழியாகிய செருமன் மொழியில் எழுதினார். உள்ளத்தின் கூறுகளுக்கு 1923இல் அவர் இட்ட பெயர்கள் தெருவில் நடக்கும் சிறுவனுக்கும் விளங்குவன: ‘நான்’, ‘அது’, ‘மேல்நான்’. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள்தாம் அவ் வெளிய சொற்களை ஒதுக்கி, இலத்தீனிலிருந்து ‘ஈகோ’, ‘இட்’ என்று இரவல் வாங்கி ஒட்டினர். பிராய்டு ‘நான்’ என்றார். நம்மவரோ ‘ஈகோ’ என்றால்தான் அறிவியல் என்று நம்புகின்றனர்! தம் கோட்பாடொன்றுக்கு அவர் பெயர் எடுத்தது எங்கிருந்து? சோபோகிளிசு என்னும் பழங் கிரேக்கப் புலவரின் நாடகத்திலிருந்து. 1930இல் அவர்க்கு வழங்கப்பெற்ற பரிசோ கோதே என்னும் பாவலரின் பெயரால் அமைந்தது. உளநூலும் பழைய இலக்கியமும் அங்குப் பகையாய் நிற்கவில்லை.

அண்மைக் காலச் செய்தி ஒன்றும் உண்டு. வியட்நாம் போரிலிருந்து மீண்டு, உள்ளம் உடைந்துபோன படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்த சோனாதன் சேய் என்னும் அமெரிக்க உளமருத்துவர், ஓமரின் இலியத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவ் வீரர்களின் துயரை விளக்கினார். அந் நூல் 1994இல் வெளிவந்தது. தோழனை இழந்த அக்கிலீசின் சினத்திலும் அழுகையிலும் தம் நோயரின் சினத்தையும் அழுகையையும் அவர் கண்டார்.

நமக்குப் புறநானூறு இல்லையா? இறந்தாரை எண்ணிச் செயலற்று இரங்கும் நிலைக்குக் ‘கையறுநிலை’ என்று துறைப்பெயரே வகுத்த இனம் நம் இனம். பாரியை இழந்த கபிலரும் பாரிமகளிரும் பாடிய துறை அது. ஈழத்தில் 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் உற்றார் அனைவரையும் ஒருசேர இழந்து வந்தவர்களின் நிலையைக் குறிக்க இதனினும் பொருந்திய சொல் உலக மொழிகளில் எங்கே உள்ளது? இருந்தும், ஓமரை மருத்துவத்துக்குக் கொணர்ந்தவன் அமெரிக்கன்; கபிலரைத் தேர்வுத் தாளோடு புதைத்தவன் தமிழன்!

இதில் தமிழ்த்துறையினர்க்கும் பங்குண்டு என்பதை மறைக்க மாட்டோம். 2004இல் தமிழ் செம்மொழி என்று நடுவணரசால் அறிவிக்கப்பெற்றது. விழாக்கள் நடந்தன; மேடைகள் நிறைந்தன. ஆனால், மெய்ப்பாட்டியலைப் படித்த முதுகலை மாணவர் ஒருவர், உளநலங் குன்றிய ஒருவரின் அருகமர்ந்து அவர் சொல்லைக் கேட்டு எழுதும் பயிற்சி பெற்றதுண்டா? நிலைக்களன் நான்கினையும் மனப்பாடஞ் செய்து ஐந்து மதிப்பெண் பெறுவதோடு அவ் வறிவு முடிந்துவிடுகின்றது. வாழ்வுக்கு உதவாத செம்மொழி, கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பிணம் போன்றதே.

இனி, மறுப்பாளர் கூறுவதையும் கேட்போம். “தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது, கலைச்சொல் இல்லை” என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழ் மருத்துவர்களை உருவாக்கினார். கடல்கடந்து வந்த வெள்ளையனுக்கு இயன்றது, இங்கேயே பிறந்து தமிழ்ப்பால் உண்ட துணைவேந்தர்களுக்கு இயலவில்லை என்றால், குறை தமிழிலா, அவர்கள் நெஞ்சிலா? ஆங்கில நூல்களைப் படிக்க வேண்டா என்று நாம் கூறவில்லை. படிக்க வேண்டிய மொழி வேறு. நோயரோடு பழகி, எண்ணி, எழுத வேண்டிய மொழி வேறு என்பதே நம் கூற்று.

சட்டத்தையும் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் உளநலச் சட்டம், நோயரின் இசைவைப் பெறுமுன் அவருக்கு விளங்கும் மொழியிலும் முறையிலும் செய்தியைக் கூற வேண்டும் என்கின்றது. அதே சட்டம், மருத்துவ உளவியலார் யார் என்று வரையறுக்குங்கால், தில்லியிலுள்ள மறுவாழ்வு மன்றத்தின் ஏற்புப் பெற்ற படிப்பைக் கேட்டதேயன்றி, நோயரின் மொழியறிவைக் கேட்கவில்லை! கல்வியோ 1976இல் மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குப் பறிக்கப்பெற்றது. தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16இல் எடுக்கப்பெற்ற உளநலக் கணக்கெடுப்பு, அகவை வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் உளநோய்க்கு ஆளாகியிருந்ததையும், நோயின் வகைக்கேற்ப அவருள் 70 முதல் 92 விழுக்காட்டினர் மருத்துவம் பெறாதிருந்ததையும் காட்டியது. மருத்துவம் பெறாமைக்குக் கரணியங்கள் பல. தன் மொழியில் காதுகொடுத்துக் கேட்பாரில்லாமையும் அவற்றுள் ஒன்று என்பதைக் கூற அறிஞர் எவரும் வேண்டா.

ஆகவே நாம் கேட்பன இவை:

1. தமிழ்நாட்டரசின் பல்கலைக்கழகம் ஒன்றிலேனும் மருத்துவ உளவியல் முதுநிலைப் படிப்பு தமிழ்வழியில் தொடங்கப்பெறுதல் வேண்டும். பொறியியலை 2010இல் தமிழில் தொடங்க முடிந்த நாட்டில் இஃது இயலாததன்று.

2. நோயரின் கூற்று, அவர் சொன்ன சொல்லிலேயே, தமிழிலேயே நோய்க்குறிப்பில் முதற்கண் எழுதப்பெறுதல் வேண்டும்.

3. மருத்துவ உளவியலில் மெய்ப்பாட்டியலும், தமிழ் முதுகலையில் உளவியலும் பாடமாதல் வேண்டும்.

4. வட்டாரந்தோறும் மக்கள் தம் உள்ளத் துயரைச் சொல்லும் சொற்களையும் தொடர்களையும் இரு துறையினரும் கூடித் தொகுத்து அகரமுதலியாக்குதல் வேண்டும். இதற்குத் தில்லியின் இசைவு வேண்டா. தாளும் எழுதுகோலும் போதும்.

தமிழ் இளைஞர்களே! இப் பணியை நாளையே தொடங்குங்கள். தமிழ் படித்தவரே, உளநூலைக் கற்பீராக! உளநூல் படித்தவரே, மெய்ப்பாட்டியலைத் திறப்பீராக! துயருற்றவன் தன் தாய்மொழியில் அழுவதற்கு எவர் இசைவும் கேட்பதில்லை. அவ் வழுகையை அதே மொழியில் கேட்டு, அதே மொழியில் எண்ணி, அதே மொழியில் ஆற்றும் மருத்துவரை உருவாக்காத பல்கலைக்கழகம் எத்துணைப் பட்டங்கள் வழங்கினும், அவற்றால் தமிழனுக்கு ஆவது ஒன்றுமில்லை!