பெயரை நம்பும் பேதைமை

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு நன்கு பழகிய கட்டுரைத் தலைப்புகளுள் ஒன்று ‘நான் ஒரு மகிழுந்து’. தன்கதை வகையைச் சேர்ந்த இக்கட்டுரையின் போக்கை எந்த ஆசிரியரும் படிக்காமலே சொல்லிவிடுவார். மகிழுந்து ஜப்பானில் பிறக்கும். கப்பலேறிக் கிள்ளான் துறைமுகம் வந்து சேரும். செல்வர் ஒருவர் அதை வாங்கிப் பூசையிட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து வீட்டிற்கு ஓட்டிச் செல்வார். சில காலம் சிறப்பாக உழைக்கும். இறுதியில் பழைய இரும்புக் கடையில் கிடந்து கண்ணீர் வடிக்கும். பிறப்பிடத்தை எந்த மாணவனும் மறப்பதில்லை. ஆனால், நன்றாக உழைத்த வண்டி ஏன் இரும்புக் கடைக்குப் போயிற்று என்பதற்கு எந்தக் கட்டுரையிலும் விடை இருப்பதில்லை. மாணவனை நொந்து பயனில்லை. வீட்டில் கேட்பதையே அவன் ஏட்டில் எழுதுகிறான்.

கோலசிலாங்கூர் தொடங்கி, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வழியாக உலு சிலாங்கூர்த் தோட்டங்கள்வரை, நம்மவர் கூடுமிடங்களில் வண்டியைப் பற்றிய பேச்சு எழுந்தால் முடிவுரையாக ஒரு தொடர் வந்து விழும்: “ஜப்பான் காருதானே! கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.” டொயோட்டா என்றால் மறு கேள்வியே இல்லை. இத்தொடர் பட்டறிவிலிருந்து பிறந்தது. ஆகவே முழுப் பொய்யன்று. எனினும், பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடியது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர் வாங்கிய பின்னும் கண்ணைத் திறப்பதில்லை. கேடு அங்கேதான் தொடங்குகிறது.

தோட்டத்து மக்களுக்கு மகிழுந்து ஆடம்பரம் என்று பேசுவோர் தோட்டத்தை அறியாதவர். லயத்திலிருந்து பெருஞ்சாலையை எட்டவே செம்மண் பாதையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டிய இடங்கள் உண்டு. பேறுகால வலியும் பாம்புக்கடியும் பேருந்தின் நேரம் பார்த்து வருவதில்லை. தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ நள்ளிரவில் புறப்பட வேண்டியிருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ப் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தோட்டத்து வேலையை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ரவாங்குக்கும் ஷா ஆலாமுக்கும் நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். பல கிலோமீட்டர் தள்ளியுள்ள தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் வந்து சேர்வதும் இவ்வண்டிகளில்தான். வண்டி படுத்துவிட்டால் கூலி போயிற்று; பாடம் போயிற்று; சில வேளைகளில் உயிரும் போயிற்று. ஆகவே வண்டியின் நம்பகம் என்பது தோட்டத்துக் குடும்பத்திற்குச் சோற்றோடு சேர்ந்த செய்தி.

இனி, அந்த நம்பகம் ஜப்பானின் பெயரில் எவ்வாறு குடியேறியது என்பதைக் காண்போம்.

1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துச் சென்றது ஜப்பானிய ஆட்சி. அங்குச் சென்ற தமிழருள் பல்லாயிரவர் திரும்பி வரவேயில்லை. அப்பெயரைக் கேட்டு நடுங்கிய தலைமுறையின் பிள்ளைகளே, ஏறத்தாழ 30 ஆண்டுகளில் டாட்சன் 120ஒய்யையும் டொயோட்டா கொரோலாவையும் விரும்பி வாங்கினர். போருக்கு முன்போ, ‘ஜப்பான் சாமான்’ என்றாலே மலிவானது, விரைவில் உடைவது என்றே பொருள். 1957இல் டொயோட்டா தன் கிரவுன் வண்டியை அமெரிக்காவிற்கு அனுப்பியபோது, அங்குள்ள நெடுஞ்சாலைகளின் வேகத்தைத் தாங்க முடியாமல் அது திணறியது. சில ஆண்டுகளில் அவ்வண்டியின் ஏற்றுமதி நின்றது. அச்சமும் ஏளனமும் சூழ்ந்திருந்த பெயர் ஒரே தலைமுறையில் மதிப்பிற்குரியதாயிற்று எனில், அது பிறப்பால் வந்த பெருமையன்று; உழைப்பால் வந்தது.

அவ்வுழைப்பின் இயல்பு என்ன? டொயோட்டா குடும்பத்தின் முன்னோடியான சக்கிச்சி டொயோடா ஒரு தறிக்காரர். அவர் 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறியில் ஓர் இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும். பிழையோடு முழந்துணி நெய்வதைவிடத் தறியை நிறுத்திப் பிழையைத் திருத்துவதே சிறப்பு என்பது அதன் கருத்து. மகிழுந்துத் தொழிற்சாலையிலும் இதே நெறி வளர்ந்தது. குறை கண்ட தொழிலாளி தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். உடனே தீராத குறையாயின் வேலையே நிற்கும். கடைநிலைத் தொழிலாளிக்கு இவ்வுரிமை உண்டு. தோட்டத்தில் குறை சொன்ன தொழிலாளி என்ன ஆனான் என்பதையும், வகுப்பறையில் ‘புரியவில்லை’ என்று கை உயர்த்தும் மாணவன் என்ன ஆகிறான் என்பதையும் படிப்போரே எண்ணிக்கொள்ளட்டும்.

இந்நெறியை வகுத்தோருள் ஒருவரான தாயிச்சி ஓனோ, ஒரு பழுதைக் கண்டால் ‘ஏன்’ என்று ஐந்து முறை கேட்கச் சொன்னார். அசாம் ஜாவா சாலையில் ஒரு வண்டி புகைந்து நிற்கிறது. ஏன்? எந்திரம் கொதித்துவிட்டது. ஏன்? ரேடியேட்டரில் நீரில்லை. ஏன்? குழாயில் வெடிப்பு. ஏன்? குழாய் பழையது, மாற்றப்படவில்லை. ஏன்? எப்போது மாற்ற வேண்டுமென எவரும் எழுதி வைக்கவில்லை. நம்மவர் முதல் ‘ஏன்’ கேட்டவுடனே “வண்டிக்கு நேரம் சரியில்லை” என்று முடித்துக்கொள்கின்றனர். ஐந்தாம் ‘ஏன்’ வரை செல்பவனுக்கே நம்பகம் கைகூடும்.

மலேசிய அரசு 1982இல் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வண்டிகள் வந்தன. 1985இல் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு புரோட்டோன் சாகா பிறந்தது. 1993இல் டைஹட்சுவைக் கூட்டாளியாகக் கொண்டு பெரோடுவா தோன்றி, வட சிலாங்கூரின் சுங்கை சோவில் தொழிற்சாலை அமைத்தது. அடுத்த ஆண்டே கஞ்சில் சாலைக்கு வந்தது. பொருள் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தது. பழக்கம் வந்து சேரவில்லை.

ஒரே ஆண்டில், ஒரே வகை வண்டியை, ஒரே விலைக்கு வாங்கிய இருவரை எண்ணிப் பார்க்கலாம். முதலாமவர் பத்து சென் நோட்டுப் புத்தகம் ஒன்றை வண்டியில் வைத்திருக்கிறார். எண்ணெய் மாற்றிய நாள், ஓடிய கிலோமீட்டர், மாற்றிய உறுப்பு ஆகியவற்றைக் குறிக்கிறார். வண்டியோடு வந்த கையேடு தூசிப் பாதையையும் குறுந்தொலைவு ஓட்டத்தையும் கடும் பயன்பாடு என வகுத்து, எண்ணெயையும் வடிகட்டியையும் வழக்கத்தினும் முன்னதாக மாற்றச் சொல்கிறது. தோட்டத்துச் செம்மண் பாதை அதற்கு இலக்கணமன்றோ? ஜெரம் கடற்கரையின் உப்புக் காற்று அடித்தகட்டை அரிக்கும் என்பதால் அடிப்பகுதியையும் கழுவுகிறார். இரண்டாமவர் வண்டியின் மேற்பகுதியை வாரந்தோறும் மெழுகிட்டுத் துடைக்கிறார். உள்ளே ஆயிரம் வெள்ளிக்கு ஒலிபெருக்கி பொருத்துகிறார். ரேடியேட்டரில் உரிய குளிர்நீர்மத்திற்கு மாற்றாகக் கிணற்று நீரை ஊற்றுகிறார். ஏறத்தாழ 1 இலட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்டால், “ஜப்பான் காரு, ஒன்னும் ஆவாது” என்கிறார். பத்தாம் ஆண்டில் முதலாமவர் வேலைக்குச் செல்கிறார். இரண்டாமவர் இழுவை லாரிக்குக் காத்திருக்கிறார். இருவர் வண்டியும் ஜப்பானில் பிறந்தவையே!

பணப்பை மட்டும் பாழாயின் பொறுத்துக்கொள்ளலாம். உயிரும் இதில் அடங்கியுள்ளது. தக்காத்தா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகள் ஹோண்டா, டொயோட்டா, நிசான் முதலிய பல நிறுவனங்களின் வண்டிகளில் பொருத்தப்பட்டன. அவற்றை விரியச் செய்யும் வேதிப்பொருள் நெடுங்கால வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் கெட்டு, மோதலின்போது உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்து சிதறடிக்கும். வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் நிலவும் நாடு மலேசியா என்பதை எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபு நகரில், 2003ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டியை ஓட்டிச் சென்ற கர்ப்பிணி ஒருவர் இவ்வாறு உயிரிழந்தார். பின்னரும் இந்நாட்டில் இத்தகைய சாவுகள் நேர்ந்தன. தக்காத்தா 2017இல் நொடித்துப் போயிற்று. அதன் காற்றுப்பைகளோ பழைய வண்டிகளில் இன்னும் இருக்கக்கூடும்.

நிறுவனங்கள் வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றி மாற்றித் தருகின்றன. ஆனால் அழைப்புக் கடிதம் யாருக்குப் போகிறது? பதிவேட்டில் பெயருள்ளவருக்கு, பல வேளைகளில் வண்டியை முதலில் வாங்கியவருக்கு. தோட்டத்தில் ஓடுவதோ மூன்றாம் கை, நான்காம் கை வண்டி. ‘சம்போங் பாயார்’ என்று பெயர் மாற்றாமலே பிறர் தவணையைத் தொடர்ந்து கட்டி ஓட்டுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வண்டி அவர் வாசலில். கடிதம் எவர் வாசலிலோ! உரிமை மாறும்போது வண்டியைப் பரிசோதிக்க விதியுண்டு. பெயரே மாறாதபோது அந்தப் பரிசோதனையும் இல்லை.

இன்னொரு செய்தி ஆசிரியர்களின் நெஞ்சைத் தொட வேண்டும். டொயோட்டாவிற்கு முழு உரிமையான டைஹட்சு, பாதுகாப்புத் தேர்வுகளில் முறைகேடு செய்தமை 2023இல் வெளிவந்தது. பக்கவாட்டு மோதல் தேர்வுக்கு அனுப்பிய வண்டியின் கதவு உட்புறத்தில், விற்பனை வண்டியில் இல்லாத மாற்றம் செய்யப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வெளியான பட்டியலில் பெரோடுவா அக்சியாவின் பெயரும் இருந்தது. டிசம்பரில் முறைகேடு 64 வகை வண்டிகளைத் தொட்டதென்றும், அவற்றுள் மிகப் பழையது 1989ஆம் ஆண்டைச் சேர்ந்ததென்றும் அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் விற்கும் வண்டிகள் விதிகளுக்கு உட்பட்டவையே எனப் பெரோடுவா அறிவித்தது என்பதையும் சொல்லுதல் நேர்மை. ஆயினும் வெளியார் குழு கண்ட காரணம் கவனிக்கத்தக்கது: தளர்வில்லாத கால நெருக்கடி, குறையை மேலிடத்திற்குச் சொல்ல இயலாத சூழல். இழை அறுந்தும் தறி நிற்கவில்லை! கயிற்றை இழுக்கக் கை எழவில்லை! பழக்கம் போனால் ஜப்பானியனுக்கும் நம்பகம் போய்விடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? தேர்ச்சி விழுக்காட்டிற்காக மாணவனின் குறையை மறைக்கும் பள்ளி எதுவாயினும், அதுவும் கதவு உட்புறத்தை மாற்றி அனுப்பும் தொழிற்சாலையே.

“ஏழைக்குப் பராமரிப்புச் செலவு ஏது?” என்று ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான கேள்வி. கூலி குறைவு என்பதும், சேவை நிலையக் கட்டணம் மிகுதி என்பதும் மெய்யே. ஆனால் குறித்து வைக்கப் பணம் வேண்டியதில்லை. எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்க்கவும், டயரின் தேய்மானத்தை நோக்கவும், அடிச்சட்ட எண்ணைச் சொல்லிச் சேவை நிலையத்தில் திரும்ப அழைப்பு உண்டா என வினவவும் செலவில்லை. செலவாகும் பராமரிப்பும் எந்திரம் பழுதானபின் ஆகும் செலவில் சிறு பங்கே. ஏழைக்குத்தான் பராமரிப்பு மிகுதியும் வேண்டும். இன்னொரு வண்டி வாங்க வல்லவன் செல்வனே. அதே வேளையில் பழியை ஏழையின் தலையில் மட்டும் சுமத்துவதும் அறமாகாது. முதல் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று நிறுவனங்கள் இருத்தலாகாது. தோட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் அறிவிப்பு வர வேண்டும். அது தமிழிலும் வர வேண்டும். பேருந்தில்லாத பாதைகளுக்குப் பேருந்து வேண்டும் என்ற குரலும் ஓயக்கூடாது.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். முதலில் ஆராய்தல், பிறகு நம்புதல் என்பதே அச்சொற்களின் வரிசை. நம்மவர் அதைத் தலைகீழாக்கி, முதலில் நம்பிவிட்டுப் பழுதான பின் ஆராய்கின்றனர். தமிழாசிரியர் இவ்வரிசையை வகுப்பறையிலேயே நேராக்கலாம். கணிதப் பாடத்தில் வீட்டு வண்டியின் கிலோமீட்டர்க் கணக்கைக் கொண்டு அடுத்த எண்ணெய் மாற்றும் நாளைக் கண்டறியச் சொல்லலாம். தந்தையின் வண்டிக்கு ஒரு குறிப்பேடு தொடங்குவதை மாணவனின் பணியாக்கலாம். பத்து வயதுப் பிள்ளை கேட்கும் ‘ஏன்’ வீட்டிற்குள் நுழைந்தால், அது வண்டியோடு நிற்காது; தவணைத் தாளையும், கூலிச் சீட்டையும், மருந்துப் புட்டியையும் கேள்வி கேட்கும்.

அதன் பின், ‘நான் ஒரு மகிழுந்து’ என்று ஒரு மாணவன் எழுதட்டும். பிறப்பிடம் ஜப்பானோ, வட சிலாங்கூரின் சுங்கை சோவோ, எதுவாயினும் ஆகுக. யார் தன்னைப் பேணினார், எந்நாளில் எதை மாற்றினார், எந்தப் பிழையை எவர் கண்டு சொன்னார் என்பதை அவ்வண்டி சொல்லட்டும். ஆசிரியரும் ‘ஜப்பானில் பிறந்தேன்’ என்ற வரியைக் கடந்து, அந்த வரிக்கே மதிப்பெண் இடட்டும்.