படமும் சாட்சியும்

மனிதன் மலத்தை மனிதன் கையால் அள்ளுவதை 1993-ஆம் வருஷத்திலேயே சட்டம் தடுத்துவிட்டது. அது போதவில்லை என்று கண்டு, 2013-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இன்னும் கடுமையான சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இவ்விரண்டு சட்டங்களுக்குப் பின்னும் தமிழ் நாட்டில் அந்த வேலை எங்கே, எவரால், எவருடைய ஏவலின்பேரில் நடைபெற்று வருகிறது என்பதை ஜனங்கள் கண்ணாலேயே காணும்படி செய்த படம் ஒன்று 2017-ஆம் வருஷத் தொடக்கத்தில் வெளிவந்தது. ‘கக்கூஸ்’ என்பது அதன் பெயர். அதை இயக்கியவர் திவ்யபாரதி. அதற்கு ஒளிப்பதிவாளராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த பழனிகுமார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் கனவான்கள் நம்மில் பலர் இருக்கின்றனர். அவர்கள் வீட்டுக் கக்கூஸ் எங்கே போய் முடிகிறது என்பதைப்பற்றி அவர்கள் ஒரு நாளும் சுளித்ததில்லை.

இந்தப் படத்தைத் திரையிடப் பல ஊர்களில் போலீஸார் இடங்கொடுக்கவில்லை. அதன்பின் படம் யூட்யூபில் ஏற்றப்பட்டது. அவ்வருஷம் ஜூலை மாதத்தில், 2009-ஆம் வருஷத்துப் பழைய வழக்கு ஒன்றில் திவ்யபாரதி கைது செய்யப்பட்டு ஜாமீனில் விடப்பட்டார். இத்தகைய படங்களைப்பற்றி இன்றைக்கும் அதிகார வர்க்கத்தார் சொல்லும் சமாதானம் ஒன்றுதான்: “படம் யூட்யூபில் இருக்கிறதே! பார்க்க விரும்புகிறவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும். ஹால் பிடித்துக் கூட்டம் சேர்ப்பானேன்?” சாதுர்யமான கேள்விதான். நல்லெண்ணமுள்ள நண்பர்களும் இதைக் கேட்டு மௌனமாகிவிடுகிறார்கள். ஆகவே இதற்கு விரிவாகவே விடை கூறவேண்டியிருக்கிறது.

நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்கு தெரியும். படம் தானாகவே சாட்சி சொல்லுவதில்லை. மின்சார யந்திரத்தில் பதிந்த காட்சியைக் கோர்ட்டில் தாக்கல் செய்தால், அதைப் பதிவு செய்த கருவியைப்பற்றி உரியவர் அத்தாட்சிப் பத்திரம் கொடுக்கவேண்டும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65-பி பிரிவு விதித்திருந்தது. 2024 ஜூலை முதல் தேதியில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 63-ஆவது பிரிவும் அதையே விதிக்கிறது. கருவிக்குச் சொந்தக்காரரே கூண்டிலேறி, அசல் கருவியைக் காட்டி, “இது என்னுடையது, இதில்தான் பதிவாயிற்று” என்று சொன்னால் அத்தாட்சிப் பத்திரமும் வேண்டியதில்லை என்று 2020-ஆம் வருஷத்தில் ஸுப்ரீம் கோர்ட்டார் தெளிவாக்கினார்கள். அதாவது, யந்திரத்தின் பின்னால் நின்ற மனிதர் வந்து நின்று, எதிர்க்கட்சியின் குறுக்கு விசாரணைக்கும் உட்பட்டால்தான் படத்துக்குப் பூரண பலம் உண்டாகிறது. கோர்ட்டுக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஜனசபைக்கும் பொருந்தும். படம் முடிந்து விளக்கேற்றியதும் ஒளிப்பதிவாளர் எழுந்து நின்று, எவர் எதைக் கேட்டாலும் விடை சொல்லும் அந்த அரைமணி நேரம் வீட்டில் தனியே கைக்கருவியில் பார்ப்பவனுக்குக் கிடைப்பதில்லை. சந்தேகங் கொண்டவன் தன் சந்தேகத்தோடேயே உறங்கப் போகிறான்.

1940-ஆம் வருஷத்தில் ஏ. கே. செட்டியார் மகாத்மாவைப்பற்றிய தம் படத்தை வெளியிட்டபோது, சுமார் நூறு பேர் உலகத்தின் பல மூலைகளில் பிடித்த சுருள்களிலிருந்து சேகரித்த 50,000 அடி பிலிமை அதற்கு ஆதாரமாகக் கொண்டிருந்தார். அந்த நூறு பேரில் எவரையும் நாம் இனி நிறுத்திக் கேட்க முடியாது. இன்றுள்ள ஒளிப்பதிவாளர்கள் நம்மிடையே நடமாடுகிறார்கள். அவர்களைக் கேட்காமல் விடுவது நம்முடைய சோம்பலேயன்றி வேறில்லை.

என்ன கேட்பது? கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. குழிக்குள் ஒருவன் இறங்கும்போது காமிராவைப் பிடித்துக்கொண்டு நின்றீரே, அவனைத் தடுத்தீரா? அவன் முகத்தைக் காட்டலாமென்று அவனிடம் சம்மதம் பெற்றீரா? மறுநாள் கண்டிராக்டர் அவனை வேலையைவிட்டு நீக்கினால் அவனுக்கு யார் கதி? இவை ஒளிப்பதிவாளரைச் சங்கடப்படுத்தும் கேள்விகள், கேட்கத்தான் வேண்டும். இத்தகைய படங்கள் தொழிலாளரை அவமானப்படுத்துகின்றன என்று சிலர் சொல்லுவதில் நேர்மையான கவலையும் கலந்திருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து தடையுத்தரவு அல்ல. பழனிகுமார் மீன் விற்று வாழ்ந்த தாயின் மகன் என்று தம்மைப்பற்றித் தாமே எழுதியிருக்கிறார். ‘கக்கூஸ்’ முடிந்த பிறகும் அவர் அந்தத் தெருக்களை விட்டு அகலவில்லை. குழிகளில் மாண்டவர்களுடைய குடும்பங்களைத் தொடர்ந்து புகைப்படமெடுத்து வந்தார். 2022-ஆம் வருஷத்தில் தயாநிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்கே கிடைத்தது. அவமானம் செய்ய வந்தவர் இத்தனை வருஷம் அங்கே தங்கியிருக்கமாட்டார்.

இனி, சாட்சியத்தின் மதிப்பு என்ன என்பதைப் பார்ப்போம். கையால் மலம் அள்ளும் தொழிலில் சாவு எதுவும் நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்று 2021-ஆம் வருஷம் ஜூலையில் மத்திய மந்திரி ராஜ்ய சபையில் பதில் சொன்னார். அடுத்த மாதத்தில் அதே சர்க்கார், 1993 முதல் சாக்கடைகளிலும் மலத்தொட்டிகளிலும் இறங்கி இறந்தவர்கள் 941 பேர் என்று கணக்குக் கொடுத்தது. அவர்களில் 213 பேர் தமிழ் நாட்டினர். வேறெந்த மாகாணத்திலும் இத்தனை பேர் இல்லை. ஒன்றும் இல்லை, 941 உண்டு—இரண்டும் எப்படி மெய்யாகும்? சட்டத்தின் வாசகத்தில் விடை இருக்கிறது. 2013-ஆம் வருஷத்துச் சட்டம் கையால் மலம் அள்ளுவதை ஒரு குற்றமாகவும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதை வேறொரு குற்றமாகவும் பிரித்து வைத்திருக்கிறது. அதோடு, சர்க்கார் குறிப்பிடும் கருவியும் உறையும் கொடுத்து ஒருவனை வேலை வாங்கினால் அவன் கையால் மலம் அள்ளுபவனாகக் கருதப்படமாட்டான் என்றும் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறது. ஒரு ஜோடி உறையால் தொழிலின் பெயரே மாறிப்போகிறது! இவ்வித அற்புதங்களை வக்கீல்களாகிய நாங்கள் தினந்தோறும் பார்க்கிறோம். ஆனால் படத்தில் தெரியும் கைகளில் உறை இருக்கிறதா, இல்லையா என்பதைக் கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம்.

குழியின் கொடுமையைப்பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே உற்பத்தியாகும் ஹைட்ரஜன் ஸல்பைட் என்னும் வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிஞ்சினாலோ மோப்ப சக்தியையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி மேலும் இறங்குகிறவன் மூர்ச்சையாகிறான். அவனைத் தூக்க இறங்கும் தோழனும் அங்கேயே விழுகிறான். பத்திரிகைகளில் இத்தகைய சாவுகள் இருவர், மூவர் என்று சேர்ந்தே வெளியாவதற்குக் காரணம் இதுதான். முதல் தடவை இக்குற்றத்தைச் செய்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாமென்று சட்டம் சொல்லுகிறது. இறந்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2014-லும், 30 லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2023 அக்டோபரிலும் ஸுப்ரீம் கோர்ட்டார் உத்தரவிட்டிருக்கிறார்கள். தீர்ப்புகளுக்குக் குறைவில்லை. குழியில் இறக்கியவன் இன்னான் என்று நிரூபிக்கும்போதுதான் வழக்குகள் தள்ளாடுகின்றன.

போலீஸார் தடைக்குக் கூறும் காரணங்கள் சாதாரணமாக இரண்டு. ஸென்ஸார் சர்டிபிகேட் இல்லை என்பது ஒன்று. அமைதிக்குப் பங்கம் வரும் என்பது மற்றொன்று. முதற் காரணத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. கே. ஏ. அப்பாஸ் சென்னை முதலிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே காட்டி எடுத்த ஆவணப்படம் பற்றிய வழக்கில், முன்கூட்டித் தணிக்கை செய்வது செல்லும் என்றே 1970-ல் ஸுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். ஆனால் அந்தத் தணிக்கை அதற்கென அமைந்த சபையாரின் வேலை. வாசகசாலையில் ஐம்பது பேர் கூடிப் பார்க்கும் படத்தின் பொருள் தகுமா, தகாதா என்று நிர்ணயிக்கும் அதிகாரம் ஸ்டேஷன் அதிகாரிக்கு எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

இரண்டாவது காரணத்துக்கு ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கே போதிய விடை. ஆர்ப்பாட்டம் நடக்கும், ஊர்வலம் வரும் என்ற பயமுறுத்தலைக் கொண்டு பேச்சுரிமையை அடக்கக் கூடாது என்றும், எதிர்ப்பாளரைச் சமாளிக்க முடியவில்லை என்று சர்க்கார் சொல்லிக்கொள்ள இடமில்லை என்றும் 1989-ஆம் வருஷம் ஸுப்ரீம் கோர்ட்டார் கண்டிப்பாகக் கூறிவிட்டார்கள். அது சர்டிபிகேட் பெற்ற படம்தான். ஆனால் கல்லெறிபவனை விட்டுவிட்டுப் பேசுபவன் வாயை அடைக்காதே என்ற நியாயம் சர்டிபிகேட்டைப் பார்த்து மாறுவதில்லை.

ஆகையால் நாம் கேட்டுக்கொள்வது இது. ஒவ்வொரு முனிசிபாலிடியும் தன் சொந்த மண்டபத்தில் இப்படத்தை ஒரு தடவையாவது காட்ட வேண்டும். முன் வரிசையில் கௌன்சிலர்களும் சுகாதார அதிகாரியும் என்ஜினீயரும், சாக்கடை வேலையை ஏலம் எடுத்த கண்டிராக்டரும் உட்காரட்டும். துப்புரவுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு அன்று லீவு கொடுத்து அவர்களையும் அழைக்க வேண்டும். படம் முடிந்ததும் ஒளிப்பதிவாளர் மேடைக்கு வரட்டும். படத்தில் காண்பது பொய் என்று சொல்லுகிறவர்கள் அங்கேயே எழுந்து அவரைக் கேட்கட்டும். அவரிடம் கேட்டு முடிந்தபின், நகரத்தில் எத்தனை ஆள்நுழை குழிகள் இருக்கின்றன, அவற்றைச் சுத்தம் செய்ய எத்தனை யந்திரங்கள் வாங்கியிருக்கிறது, அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்ற கணக்கை என்ஜினீயர் அந்த மேடையிலேயே வாசிக்க வேண்டும்.