வாசலை மாற்றிய அரசு வழியைப் போட்டுத் தர வேண்டாமா?

தாலுகா அலுவலகத்திற்கும் வரி அலுவலகத்திற்கும் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்த காலம் ஒன்று இருந்தது. அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அலுவலகத்திற்குப் போகிற சாலையை அரசு போட்டிருந்தது. பேருந்தையும் அரசே விட்டது. இன்று அந்த வாசல்கள் எல்லாம் இணையத்திற்குள் போய்விட்டன. அங்கே போகிற பாதைக்கு மட்டும் மாதாமாதம் நாமே சுங்கம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இது என்ன நியாயம்?

2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. கணக்கு இணையத்தில்தான். தேதி தவறினால் தாமதக் கட்டணம். 2018 முதல் பொறியியல் கலந்தாய்வும் இணையத்தில்தான். பிள்ளை நல்ல மதிப்பெண் எடுத்தாலும், கல்லூரி விருப்பத்தைக் குறித்த நேரத்திற்குள் பதியாவிட்டால் இடம் போய்விடும். பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம் எல்லாமே அப்படித்தான். 2025 ஜூன் 6 அன்று ‘உமீத்’ தளத்தைத் திறந்த மத்திய அரசு, வக்ஃப் சொத்து விவரங்களை ஆறு மாதத்திற்குள் ஏற்றிவிடுங்கள் என்றது. அந்தச் சட்டத்தின் பாதகங்கள் தனிக்கதை. மாடியில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் ஊரில், நூறு வருடப் பத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு முத்தவல்லி என்ன செய்வார் என்று டெல்லியில் யாராவது யோசித்தார்களா?

“அதுதான் கைபேசியில் மலிவாகக் கிடைக்கிறதே” என்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது விலை சரிந்தது உண்மை. 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டணத்தை உயர்த்தியதும் உண்மைதானே? தவிர, கைபேசி இணையம் பார்க்கவும் பேசவும் போதும். உட்கார்ந்து வேலை செய்யப் போதாது. வீட்டில் இருப்பது ஒரு போன். அது வாப்பாவின் சட்டைப் பையில் கடைக்குப் போய்விடுகிறது. பிறகு மகள் எதில் படிப்பாள்? கொரோனா காலத்தில் இதை அனுபவித்துவிட்டோம். 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவிக்க வேண்டி வந்தது. நாட்டில் கைபேசி வழி இணையம் உள்ள இணைப்புகள் 90 கோடிக்கு மேல். கம்பி வழி இணைப்புகளோ நான்கு கோடியைச் சுற்றியே நிற்கின்றன.

அரசிடம் பணம் இல்லையா? இருக்கிறது, அதுவும் நம் பணம்! தொலைபேசி நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம், பின்தங்கிய பகுதிகளுக்கு இணைப்புத் தருவதற்கென்றே ஒரு நிதிக்குப் போகிறது. 2002-ல் தொடங்கிய அந்த நிதிக்கு இப்போது ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர். அதில் கணிசமான தொகை பல ஆண்டுகள் செலவாகாமலே கிடந்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை கொண்டுபோவதாக 2011-ல் முடிவெடுத்தார்கள். இரண்டே வருடம் என்றார்கள். முதல் ஒரு லட்சத்தை எட்டவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் இதே பாரத்நெட் திட்டத்திற்கு மறுபடியும் 1,39,579 கோடி ரூபாய் ஒப்புதல். ஆட்சி மாறியது, பெயர் மாறியது, ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிய பெட்டி மட்டும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

போதாததற்கு வரி. இணையக் கட்டணத்திற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தங்கத்திற்கு 3 சதவீதம்தான்! பெரிய வியாபாரி இந்த வரியைக் கணக்கில் கழித்துக்கொள்வார். தொகுப்பு முறையில் வரி கட்டும் சின்னக் கடைக்காரருக்கு அந்த வழியும் இல்லை. வீட்டு இணைப்புக்கும் சிறுகடை இணைப்புக்கும் இந்த வரியை 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று கேட்கிறோம். இது சலுகை அல்ல. இணைய வசதி அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பக்கத்துக் கேரளாவில் அரசே கேபோன் என்று இழை போட்டு 2023 ஜூனில் தொடங்கியது. 20 மெகாபிட் வேகத்திற்கு மாதம் 299 ரூபாய் என்று விலை வைத்தார்கள். 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றவர்கள், முதல் கட்டமாகத் தொகுதிக்கு நூறு குடும்பம் என்றுதான் ஆரம்பிக்க முடிந்தது. குறை உண்டு. ஆனாலும் அரசு இறங்கினால் விலை இறங்கும் என்று காட்டினார்கள். நம் மாநிலத்திலும் 2018-ல் டான்பிநெட் நிறுவனம் அமைத்து, 12,525 ஊராட்சிகளுக்கும் இழை என்றார்கள். இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்தால் போதுமா? வீட்டுக்கும் கடைக்கும் எப்போது வரும், என்ன விலைக்கு வரும்? அதற்குப் பதில் வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. அன்று மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது! சவூதியிலும் துபாயிலும் இருப்பவர் குரலைக் கேட்க அதன் வாசலில்தானே ஊரே காத்திருந்தது! அதே போல டீக்கடைக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் வைஃபை விற்கலாம், லைசென்ஸ் தேவையில்லை, கட்டணமும் இல்லை என்று 2020 டிசம்பரில் பி.எம். வாணி திட்டம் வந்தது. பரவவில்லை. காரணம், கடைக்காரருக்கு இணைப்புத் தரும் நிறுவனங்கள் அதிக விலைக்குக் குத்தகை இணைப்பு எடுக்கச் சொன்னதுதான். 2025 ஜூனில் டிராய் குறுக்கிட்டு, 200 மெகாபிட் வரை வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. இந்த விவரம் தெரியாத கடைக்காரர்கள்தான் நம்மில் அதிகம். தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த கிராமசபைக்கு நம் சகோதரர்கள் தவறாமல் போக வேண்டும். நம் ஊராட்சிக்கு இழை வந்துவிட்டதா, பெட்டி இயங்குகிறதா, பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் இணைப்பு உண்டா, வீட்டு இணைப்பு எந்தத் தேதியில் எந்த விலைக்கு என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்து, நகல் ஒன்றை நமக்கும் அனுப்புங்கள்.