பதிவேட்டின் திறவுகோலைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் யார்?

ஔரங்காபாத் என்ற பெயருடைய மாவட்டம் பீஹார் மாநிலத்தில் ஒன்று உண்டு. மஹாராஷ்டிரத்திலும் அதே பெயருடன் ஒன்று இருந்துவந்து, 2023-ஆம் ஆண்டில் சத்ரபதி சம்பாஜிநகர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பிலாஸ்பூர் மாவட்டம் ஹிமாசலப் பிரதேசத்திலும் இருக்கிறது, சத்தீஸ்கரிலும் இருக்கிறது. ஹமீர்பூர் என்பதும் அவ்வாறே ஹிமாசலத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் உள்ளது. அலுவலக உதவியாளரிடம் பிலாஸ்பூர் அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னால், "எந்தப் பிலாஸ்பூர், ஐயா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். மின்கணிப்பொறி அவ்வாறு கேட்பதில்லை. இரண்டு மாவட்டங்களின் கணக்கையும் கூட்டி ஒரே தொகையாகக் கொடுத்துவிடும். அத்தொகை பிழையானது என்பதற்கு எந்த அறிகுறியும் அதில் இராது.

இத்தகைய குழப்பத்தைத் தவிர்ப்பதற்கான முறையை வகுத்தளித்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றி வந்த அவர், 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், தகவல்கள் அனைத்தையும் அட்டவணைகளாகவே வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினார். தொடர்புநிலைத் தரவுத்தளம் என்று இன்று வழங்குவது அதுதான். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருளைக் குறிக்கும். ஒவ்வொரு பத்தியும் அப்பொருளின் ஒரு தன்மையைக் குறிக்கும். எந்தப் பத்தியின் மதிப்பைக் கொண்டு ஒரு வரிசையை மற்றெல்லா வரிசைகளினின்றும் ஐயமறப் பிரித்தறியலாமோ, அதுவே திறவுகோல். ஒரு பத்தி போதாதாயின் இரண்டு மூன்று பத்திகள் சேர்ந்தும் திறவுகோலாகலாம். ஆனால் தேவைக்கு மிகுதியாக ஒரு பத்தியும் அதில் சேரலாகாது. இவ்வாறு தகுதியுள்ளவை பலவாக இருப்பின், அவற்றுள் ஒன்றை முதன்மைத் திறவுகோலாகக் கொள்ளுகிறோம். அது எந்த வரிசையிலும் வெற்றிடமாக இருத்தல் கூடாது.

திறவுகோல் என்ற மொழிபெயர்ப்பில் எனக்கு முழு மனநிறைவு இல்லை. பூட்டைத் திறப்பது அதன் தொழில் அன்று. ஆளை அடையாளம் காட்டுவதே அதன் தொழில். ஆயினும் சொல் வழக்கில் ஊன்றிவிட்டது. இருக்கட்டும்.

நான் சொல்ல விரும்புவது வேறு. திறவுகோலைத் தேர்ந்தெடுப்பது பொறியியலாளரின் வேலை என்று நம்மவர்கள் ஒதுங்கி நிற்பது சரியன்று என்பது என் கருத்து. ஒரு பத்தியின் மதிப்பு இருவருக்குப் பொதுவாக வருமா, நாளை மாறுமா என்பவற்றைத் தலைநகரில் அமர்ந்திருக்கும் பொறியியலாளர் அறிய மாட்டார். கிராமத்தில் ஒரு குடும்பம் முழுவதற்கும் ஒரே கைப்பேசி இருக்கிறது என்பதையும், மூன்று பிள்ளைகளின் சேர்க்கைப் படிவத்திலும் அதே எண்தான் எழுதப்படுகிறது என்பதையும் அறிந்தவர் ஆசிரியர். அந்த எண் கைவிடப்பட்டால் சில மாதங்களில் முன்பின் அறியாத ஒருவருக்கு அளிக்கப்பட்டுவிடும். கைப்பேசி எண்ணைத் திறவுகோலாக வைப்போம் என்று ஒருவர் சொல்லும்போது, கூடாது என்று எழுந்து சொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியரே.

நான் இதில் பட்டறிவு உடையவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில், பயிற்சி முகாம்களுக்கு வந்த ஆசிரியர்களின் இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டியிருந்தது. ஒன்று தமிழில் இருந்தது. மற்றொன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுத்தவன் நானே. பெயரும் முன்னெழுத்தும் ஒத்திருந்தால் ஒரே ஆள் எனக் கொள்வது என்று முடிவு செய்தோம். தயாளனின் மகன் செல்வராஜும் தங்கவேலுவின் மகன் செல்வராஜும் ஆங்கிலத்தில் வெவ்வேறு முன்னெழுத்து உடையவர்கள். தமிழில் இருவரும் த. செல்வராஜ். இருவரும் ஒருவராயினர், ஒருவருக்குச் சான்றிதழ் போகவில்லை. எட்டு மாதங்களுக்குப் பின் அவர் எழுதிய கடிதத்தினால்தான் பிழை வெளிப்பட்டது. இரு பட்டியலிலும் பணியாளர் எண்ணுக்கென்று ஒரு பத்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் பாதிக்குமேல் வெற்றிடமாக இருந்தது. முகாமில் படிவம் நிரப்பியவர்கள் அதை வேண்டாத தொல்லையாக எண்ணியிருந்தார்கள்.

நன்றாக அமைந்த பதிவேடு எப்படியிருக்கும் என்பதற்குக் கிணற்று நீர்மட்டக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் நோக்குக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. கிணறுகளுக்கு ஓர் அட்டவணை: கிணற்று எண், கிராமம், ஆழம், வகை. அளவுகளுக்கு மற்றோர் அட்டவணை: கிணற்று எண், அளந்த நாள், நீர்மட்டம். இரண்டாவதில் கிணற்று எண் மட்டும் திறவுகோலாகாது, ஒரே கிணறு பலமுறை வருவதால். நாளும் மட்டும் ஆகாது, ஒரே நாளில் பல கிணறுகள் அளக்கப்படுவதால். இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும். அங்கே வரும் கிணற்று எண், முதல் அட்டவணையின் திறவுகோல் இங்கு வந்து தங்கியிருப்பது; அதை அயல் திறவுகோல் என்பர். முதல் அட்டவணையில் இல்லாத ஒரு கிணற்றின் பெயரில் அளவு எதையும் பதிய அது இடங்கொடாது. அளவுகள் பதிந்துள்ள கிணற்றை யாரேனும் அழிக்க முயன்றாலும் தடுக்கும். கிராமத்தின் பெயரோ ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

இனி, எண்ணுக்குள் பொருளை வைத்துக் கட்டும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆசிரியர்கள் நன்கறிந்த பள்ளிக் குறியீட்டு எண் 11 இலக்கங்கள் உடையது. முதல் இரண்டு மாநிலம். அடுத்த இரண்டு மாவட்டம். பின்னர் வட்டாரம், கிராமம், பள்ளி. பார்த்தவுடன் ஊர் தெரியும் என்பது இதன் நயம். மாநிலமும் மாவட்டமும் மாறாதிருக்கும் வரைதான் அந்த நயம் நிற்கும். 2014-இல் தெலங்கானா தனி மாநிலமாயிற்று. 28 என்று தொடங்கிய எண்கள் அங்கே 36 என்று தொடங்கலாயின. பள்ளிக் கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. அம்மாநிலத்தில் புதிய மோட்டார் வண்டிகளின் பதிவெழுத்தும் அவ்வாண்டில் ஒருமுறை மாறி, 2024-இல் மறுபடியும் மாறிற்று. மாநிலம், மாவட்டம் ஆகியவற்றைத் தனித்தனிப் பத்திகளில் எழுதிவிட்டு, திறவுகோலைப் பொருளற்ற எண்ணாக விடுவதே நலம் என்று கருதுகிறேன். ஊர் தெரியும் எண்ணையே களப்பணியாளர்கள் விரும்புகிறார்கள், அவ்விருப்பம் இயற்கையானதே. ஆயினும் மாநில எல்லை மாறும்போது பழைய பதிவுகளைப் புதியவற்றோடு பொருத்தும் உழைப்பும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

பொருளற்ற எண்ணுக்கும் குறை உண்டு; அதை மறைக்கலாகாது. ஒரு குழந்தை ஒரு பள்ளியிலிருந்து விலகி வேறு பள்ளியில் சேரும்போது, அங்குள்ளவர் பழைய எண்ணைத் தேடாமல் புதிய எண் ஒன்றை வாங்கிவிட்டால், யந்திரம் மறுப்புச் சொல்லாது. ஒரே குழந்தை இரண்டு குழந்தைகளாகிவிடும். பழைய எண்ணின்கீழ் அது இடைநின்ற மாணவராகவும் கணக்கில் ஏறும். எண்கள் வேறுவேறானவை என்பதை மட்டுமே யந்திரம் உறுதி செய்யும்; ஆட்களும் வேறுவேறானவர்கள்தாமா என்பதைப் பிறந்த நாள், தாயார் பெயர், முந்திய பள்ளி ஆகியவற்றை ஒப்பிட்டு மனிதரே உறுதி செய்ய வேண்டும். புதிய எண் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பார்ப்பதற்குச் சில நிமிஷங்கள்தான் ஆகும்.

கடைசியாக, சிறியதாயினும் அடிக்கடி நேரும் தவறு ஒன்று. தில்லிப் பள்ளிகளின் குறியீடு 07 என்றும், உத்தரப் பிரதேசத்துப் பள்ளிகளுடையது 09 என்றும் தொடங்கும். கணக்குத் தாளில் இவற்றை எண்ணாக எழுதினால், முன்னுள்ள சுழியத்தை யந்திரம் நீக்கிவிடும். 11 இலக்கம் 10 ஆகிவிடும். அந்தப் பள்ளி எந்தப் பட்டியலோடும் பொருந்தாமல் தனியே நிற்கும். இரண்டு பள்ளிக் குறியீடுகளை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வகை என்று குறித்துவிட்டு, அதன்பின் நிரப்பத் தொடங்குவது நல்லது.