பேராண்டி இட்ட பெயர்

நாடோடிப் பாட்டைக் கட்டியவர் யார் என்று பண்டிதர்களைக் கேட்டால், "பெயர் தெரியவில்லை" என்று வழக்கைத் தீர்த்துவிடுவார்கள். பெயர் இல்லாமலா போயிற்று? கேட்பாரில்லாமல் போயிற்று!

அரக்கோணத்துப் பாடகர் அறிவு, 2024-இல் வெளியிட்ட தம் பாட்டுத் தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயரிட்டார். வள்ளியம்மாள் அவருடைய பாட்டி; இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அத்தோட்டங்களில் பாடுபட்ட தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வகை செய்தது. திரும்பியவர் பலருக்குக் காணி நிலமும் இல்லை, ஒப்பாரிதான் மிச்சம். பாட்டி சொன்ன அந்தக் கதையே, தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021-இல் 'என்ஜாய் எஞ்சாமி'யாகி உலகெங்கும் ஒலித்தது.

அதே வருஷம் ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவின் படம் விடுபட்டதைப் பலர் கண்டித்தார்கள். பேரனுக்கே இந்தக் கதியென்றால், பாட்டியை நினைப்பவர் யார்? அவர் பெயரைப் பேரனே தலைப்பில் பொறித்துவிட்டார்.

இது அரக்கோணத்துச் சமாசாரம் மட்டுமன்று. கொல்லிமலைப் பக்கத்து எருமப்பட்டியிலும் நடவுப் பாட்டும் தாலாட்டும் அறிந்த பாட்டிமார் இருப்பார்கள். அவற்றைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளும் பேரப் பிள்ளைகள், பாடியவர் பெயரையும் உடன் எழுதி வைக்கட்டும். நாளைய பண்டிதருக்குப் பழைய தீர்ப்பைச் சொல்ல இடம் வைக்கலாகாது!