கறுப்புப் புள்ளி வைத்த மனிதர்

"வெற்றி பெறுவது எப்படி?" "வியாபாரத்தில் முன்னேறுவது எப்படி?" "தலைவர் ஆவது எப்படி?"

இப்படிப்பட்ட புத்தகங்கள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. பிள்ளைகள் ஆசையோடு வாங்குகிறார்கள். நாலு நாள் உற்சாகம்! ஐந்தாம் நாள் புத்தகம் பரண் ஏறி விடுகிறது.

குற்றம் பாதி புத்தகத்தின் மேல். பாதி, படிக்கும் முறையின் மேல்.

இந்த வரிசையில் ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிய சுயசரிதையை வாங்கலாம்.

இரவல் புத்தகம்

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை மெழுகுவத்தியும் சோப்பும் காய்ச்சி விற்றவர். அவருக்கு 17 பிள்ளைகள்! பிராங்க்ளினின் பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டு. 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

புத்தகக் கடைப் பையன்களிடம் மாலையில் புத்தகம் இரவல் வாங்குவார். இரவெல்லாம் படிப்பார். காலையில் திருப்பிக் கொடுத்து விடுவார். பிறகு இறைச்சி உண்பதை விட்டார். தம் சாப்பாட்டுச் செலவில் பாதியை அண்ணனிடம் கேட்டு வாங்கினார். அதிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார்!

அவர் படித்த விதம்தான் முக்கியம். நல்ல கட்டுரை ஒன்றைப் படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிறு குறிப்பு எழுதுவார். சில நாள் கழித்து, குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையைத் தாமே எழுதிப் பார்ப்பார். மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். வாத்தியார் இல்லாத படிப்பு!

சொந்த அச்சகம் வைத்து, 42 வயதிலேயே தொழிலிலிருந்து ஓய்வு பெறும் அளவுக்குச் செல்வம் சேர்த்தவர் இவர். 1731-ல் நண்பர்களுடன் சேர்ந்து, பிலடெல்பியா நகரில் சந்தா கட்டிப் படிக்கும் நூலகத்தையும் தொடங்கினார்.

மறைக்காத தவறு

பிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியல் போட்டார். வாரத்துக்கு ஒரு குணம். தவறு செய்த நாளில் சிறு நோட்டில் ஒரு கறுப்புப் புள்ளி! பொருள்களை ஒழுங்காக, அதனதன் இடத்தில் வைக்கும் பழக்கம் மட்டும் அவருக்குக் கடைசி வரை கைகூடவில்லை. அதை அவரே சிரித்துக்கொண்டு எழுதுகிறார்.

வேறொருவருக்காக வசூலித்து வைத்திருந்த பணத்தை இளமையில் எடுத்துச் செலவு செய்ததையும் ஒப்புக்கொள்கிறார். பின்னாளில் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

வெற்றிப் புத்தகம் எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இப்படிச் சொல்வார்கள்? தவறே செய்யாத மனிதனின் கதையைப் படித்தால், கடன்பட்ட கடைக்காரரும் பரீட்சையில் தோற்ற பையனும் இன்னும் சோர்ந்துதான் போவார்கள்.

ஆனால் பிராங்க்ளினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். முதுமையில்தான், 1787-ல், அடிமை முறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அந்தப் புள்ளி அவர் நோட்டில் இல்லை.

இளமைப் பகுதியைப் பிள்ளைகள் உரக்கப் படிக்க, வீட்டில் எல்லாரும் கேட்கலாம். அரசாங்கச் சண்டைகள் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டாலும் நஷ்டமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். புத்தகத்தை மூடியபின், படித்ததைத் தம் சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதட்டும்.

65 வயதில், 1771-ல், எழுதத் தொடங்கிய கதையை அவர் முடிக்கவே இல்லை. 1790-ல் இறந்து போனார். 1776-ல் அவர் கையெழுத்திட்ட அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் கதை அந்தப் புத்தகத்தில் கிடையாது!