பூனையும் பூந்தோட்டமும்

பாலாற்றின் கரையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே அமைந்துள்ள ஊர் மாதனூர். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் பெருவழி இவ்வூரின் வழியே செல்கின்றது. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் திருப்பத்தூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. இதன் சுற்றுப்புறத்தே தென்னந்தோப்புகள் உள்ளன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய அண்டை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்கும் காலணித் தொழிலுக்கும் பெயர்பெற்றவை. ஆடவரும் பெண்டிரும் காலையில் தொழிற்சாலைக்குச் சென்றுவிட்டால், பல இல்லங்களில் மாலைவரை காவலாக இருப்பது பூனை ஒன்றே. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் இந்நிலப்பகுதியில், அப்பூனை நாடுவது செடிகளின் நிழலையும் ஈரமண்ணின் குளிர்ச்சியையும் ஆகும். அங்ஙனம் அது நாடிச்செல்லும் தோட்டம் அதற்கு நலம் தருவதாக இருக்கின்றதா, கேடு விளைவிப்பதாக இருக்கின்றதா என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

பூனைக்கும் செடிகொடிகளுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. சங்கப் புலவரான ஒக்கூர் மாசாத்தியார், மழைக்குப்பின் முல்லையரும்பு அவிழும் காட்சிக்குக் காட்டுப்பூனையாகிய வெருகின் சிரிப்பை உவமையாக்கினார். குப்பைமேனி என்னும் மூலிகைக்குப் 'பூனைவணங்கி' என்றொரு பெயரும் உண்டு. அச்செடியை வேருடன் பிடுங்கிப் போட்டால், பூனை அவ்வேரை முகர்ந்து, முகத்தைத் தேய்த்து, நிலத்திற் புரண்டு மகிழும். இதனைக் கண்டறிந்த முன்னோர் அக்காட்சியையே செடிக்குப் பெயராக வைத்தனர். பூனையை மயக்கும் அப்பொருள்கள் யாவை என்பதை ஆத்திரேலிய அறிஞர்கள் ஆய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சப்பான் நாட்டில் பூனைகள் விரும்பும் வேறொரு கொடியைப் பற்றி 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வோ, அதன் இலையில் உடலைத் தேய்த்துக்கொள்ளும் பூனையைக் கொசுக்கள் அவ்வளவாக நெருங்குவதில்லை என்று காட்டியது. பூனையின் விளையாட்டு எனத் தோன்றும் செயலிலும் ஒரு பயன் மறைந்திருத்தல் வியப்பன்றோ!

பூனை ஊன் உண்ணும் விலங்கு. ஆயினும் அது புல்லைக் கடித்து விழுங்குவதைப் பலரும் கண்டிருப்பர். நோயுற்ற பூனையே புல் தின்னும் என்பது பொதுமக்களின் கருத்து. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறிந்த ஆய்வு, இக்கருத்து பொருந்தாது எனக் காட்டிற்று. புல் தின்னும் பூனைகளுள் மிகப் பல அதற்கு முன்னர் நலமாகவே இருந்தன. குடற்புழுக்களை வெளியேற்றும் பொருட்டுக் காட்டில் வாழ்ந்த அதன் மூதாதையர் கொண்டிருந்த பழக்கமே இன்றும் தொடர்கின்றது என்பது அவ்வறிஞர்தம் கருத்து. ஆகவே, செடியைக் கடித்தல் பூனையின் குறும்பு அன்று; இயல்பு. இயல்பாய் அமைந்ததை அடித்துத் திருத்துதல் இயலாது.

"எது நஞ்சு, எது உணவு என்பது விலங்கிற்குத் தானே தெரியும்" என்று சிலர் கூறுவர். இக்கூற்று ஆராயத்தக்கது. ஓர் உயிரின் இயற்கையறிவு, அதன் மூதாதையர் வாழ்ந்த நிலத்தில் உருவானதாகும். வீட்டுப்பூனையின் மூதாதையர் வாழ்ந்தவை ஆப்பிரிக்காவின் வடபகுதியும் மேற்காசியாவும் ஆகும். ஆனால், இன்றைய தோட்டமோ பல கண்டங்களின் தொகுப்பாக விளங்குகின்றது. மஞ்சளரளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மணிப்பிளாண்ட் என்னும் கொடி பசிபிக் பெருங்கடலின் தீவொன்றிலிருந்து வந்தது. தன் மூதாதையர் கண்டிராத செடியைப் பூனை எங்ஙனம் அறியும்? மேலும், நாள் முழுவதும் தனித்திருக்கும் பூனை, பொழுதுபோகாமையாலும் இலையைக் கடிக்கும். பிறர் அறியாமையைத் தமக்குச் சாக்காகக் கொள்ளுதல் அறிவுடையோர்க்கு அழகன்று.

பூனையின் உடலமைப்பிலும் இரண்டு சிறப்பியல்புகள் உள்ளன. பல நச்சுப்பொருள்களை மாற்றி வெளியேற்றுவதற்குப் பிற விலங்குகளின் கல்லீரலில் இயங்கும் நொதிகளுள் ஒன்று பூனையிடத்தில் செயலற்றுப் போயிற்று. ஆதலால், மாந்தர் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையின் உயிரைப் போக்கவல்லது. இது முதலாவது. பூனை தன் உடலையும் பாதங்களையும் ஓயாது நக்கித் தூய்மை செய்யும் வழக்கமுடையது. எனவே, காலில் ஒட்டியது எதுவாயினும் அது வயிற்றை அடையும். இது இரண்டாவது. செடியைத் தின்னாத பூனையும், அதன்மீது உராய்ந்து சென்றதனாலேயே நஞ்சூட்டப்படலாம் என்பது இதனால் விளங்கும்.

இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு லில்லி மலர். திருமணங்களிலும் விழாக்களிலும் மலர்க்கொத்துகளில் இடம்பெறும் இம்மலரின் இலை, இதழ், தண்டு ஆகிய யாவும் பூனைக்குக் கொடிய நஞ்சு. அதன் மகரந்தம் மேலே படிந்து அதனை நக்கினாலும், பூச்சாடியிலுள்ள நீரைப் பருகினாலும் பூனையின் சிறுநீரகங்கள் மூன்று நாட்களுக்குள் செயலிழக்கக்கூடும். நாய்க்கு இத்தகைய சிறுநீரகக் கேட்டை விளைவிக்காத மலர், பூனைக்கு எமனாக அமைகின்றது. காலந்தாழ்த்தாது மருத்துவம் செய்தால் மட்டுமே அதனைக் காத்தல் கூடும்.

தமிழ்நாட்டில் எங்கும் காணப்படும் அரளியும் அத்தகையதே. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் அது வரிசையாக நின்று பூத்துக் குலுங்குவதைப் பயணிகள் காண்பர். நீர் குறைந்த இடத்திலும் வளர்வதாலும், ஆடுமாடுகள் அதனை மேயாமையாலும் அவ்விடத்திற்கு அது ஏற்ற செடியே. ஆயினும் அதன் ஒவ்வோர் உறுப்பிலும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கும் விதையும் கோல்சிசின் என்னும் பொருளைக் கொண்டவை. கீல்வாத நோய்க்கு மருந்தாகும் அப்பொருளுக்காகத் திண்டுக்கல், திருப்பூர் முதலிய மாவட்டங்களில் உழவர் அதனைப் பயிரிடுகின்றனர். அளவோடு மருந்தாவது, அளவு கடப்பின் மாந்தரையும் கொல்லும். சிறிய பூனைக்கு அது எம்மாத்திரம்!

அழகுக்காகத் தொட்டியில் வைக்கப்படும் சைகஸ் என்னும் செடி, பார்வைக்குச் சிறு பனைபோல் தோன்றும். அதன் விதை கல்லீரலை அழிக்கும். மணிப்பிளாண்ட், டைபன்பாக்கியா, சேம்பு ஆகியவற்றின் இலைகளில் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள்ளன. அவற்றைக் கடித்த பூனைக்கு வாயும் நாவும் வீங்கும், எச்சில் ஒழுகும். சாமந்தியும் சோற்றுக்கற்றாழையும் வாந்தியையும் கழிச்சலையும் உண்டாக்கும். ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு ஆகியவற்றின் நச்சுத்தன்மையைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாகவே அறிவர். இவையனைத்தும் ஒரே அளவு கொடியன அல்ல என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வாய் எரிவோடு ஒழிவதும் உண்டு; உயிரைக் கொண்டுபோவதும் உண்டு. இவ்வேறுபாட்டை அறிந்தவனே வீண் அச்சமும் வீண் துணிவும் இன்றித் தோட்டம் அமைப்பான்.

அவ்வாறாயின் பூனையை வீட்டினுள் அடைத்துவிடலாமே என்பர் சிலர். அரளியையும் சாமந்தியையும் அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்பர் வேறு சிலர். இரண்டும் மிகையே. முன்னது பூனையின் இன்பத்தைப் பறிப்பது. பின்னது வழிபாட்டிற்கும் வாழ்வுக்கும் உரிய மலர்களைப் பழிப்பது. செடியின்மீதும் குற்றமில்லை, பூனையின்மீதும் குற்றமில்லை. இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்தவர் மாந்தர். எனவே, அறிந்து காக்கும் கடமையும் அவர்களையே சாரும்.

இக்கடமையின் அடிப்படையை வேலூர்ப் பகுதி மக்கள் நன்கு அறிவர். தோல் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டபோது, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் அந்நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. கேடு நேரும் என்ற ஐயம் வலுவாக உள்ளவிடத்து, முழுச் சான்று கிடைக்கட்டும் எனக் காத்திராமல் முன்னரே தடுத்தல் வேண்டும். தன் செயல் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனைச் செய்பவனையே சாரும் என்பன அத்தீர்ப்பு வலியுறுத்திய நெறிகளுள் அடங்கும். ஆற்றுக்குப் பொருந்திய அந்நெறி, இல்லத்தின் பின்புறத் தோட்டத்திற்கும் பொருந்தாதோ? செடியை நடுபவர் அதன் இயல்பை முன்னரே கேட்டறிதல் வேண்டும். செடி விற்போர், ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயரோடு, 'குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் ஆகாது' என்னும் குறிப்பையும் எழுதி வைத்தல் வேண்டும். மருந்துப் புட்டியில் எச்சரிக்கை எழுதும் நாட்டில், நஞ்சுடைய செடிக்கு ஒரு சிறு சீட்டு எழுதுதல் பெருஞ்செயலன்று.

பூனைக்கு ஏற்ற தோட்டத்தை அமைத்தல் எளிது, செலவும் குறைவு. மல்லிகையும் ரோசாவும் பூனைக்கு நஞ்சல்ல. வாழையும் தீங்கற்றது. ஒரு மூலையில் அருகம்புல்லை வளரவிட்டு, ஒரு தொட்டியில் கோதுமையை முளைக்க வைத்தால், கடிப்பதற்கு உரிய புல் கிடைத்த பூனை பிற செடிகளை நாடுதல் குறையும். களையெடுக்கும்போது கிடைக்கும் பூனைவணங்கியின் வேரை அதன்முன் இட்டால், அதன் மகிழ்ச்சியைக் காணலாம். முகர்ந்து புரள்வதோடு அமையட்டும், தின்னவிடுதல் வேண்டா. அரளியை வளர்க்க விரும்புவோர் வேலிக்கு அப்பால் வளர்க்கலாம். கழித்த கிளைகளையும் உதிர்ந்த பூக்களையும் உடனே அகற்றிவிடுதல் நன்று. நிழலில் ஒரு கிண்ணம் நல்ல நீர் வைத்தலும், கிணற்றின் வாயை வலையால் மூடுதலும் இன்றியமையாதவை.

செடியைவிடக் கொடியது சிற்சில வேளைகளில் செடிக்கு இடும் மருந்தாகும். தென்னையின் இளங்காய்களை எலிகள் கடித்து வீழ்த்துவதால் தோப்புகளில் எலிநஞ்சு வைக்கப்படுகின்றது. புரோமடையலோன் போன்ற நஞ்சை உண்ட எலி உடனே மாள்வதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அத்தகைய எலியே பூனையிடம் எளிதில் அகப்படும். இங்ஙனம் எலிக்கு வைத்த நஞ்சு, எலியை ஒழிக்கும் நண்பனையே கொல்லுகின்றது. நாயின் உண்ணியைப் போக்கும் பெர்மெத்திரின் மருந்து பூனைக்கு ஆகாது. தரை கழுவும் பினாயிலும் ஆகாது. தொழிற்சாலைகளிலிருந்து கிடைக்கும் வேதிப்பொருள் பீப்பாய்களையும் சாக்குகளையும் செடி வளர்க்கப் பயன்படுத்துதல் பூனைக்கு மட்டுமன்றி, அத்தோட்டத்துக் கீரையை உண்ணும் குடும்பத்தார்க்கும் தீங்காகும்.

பூனையிடத்து அன்பு காட்டுவோர் அண்டை வீட்டாரை மறத்தல் ஆகாது. மென்மையான மண்ணைத் தோண்டி மலங்கழித்தல் பூனையின் இயல்பு. அம்மலத்தின் வழியே டாக்சோபிளாசுமா என்னும் நோய்க்கிருமி பரவக்கூடும். கருவுற்ற பெண்டிர்க்கு அது பெருந்தீங்கு. ஆகவே, தன் தோட்டத்திலேயே மணல் நிரம்பிய ஓரிடத்தைப் பூனைக்கு ஒதுக்கி நாள்தோறும் தூய்மை செய்தலும், மண்ணைத் தொட்டபின் கைகளைக் கழுவுதலும், கீரைகளை நன்கு அலசுதலும் வேண்டும். பறவைகள் இரைதேடும் விடியற்பொழுதிலும் அவை கூடடையும் அந்திப்பொழுதிலும் பூனையை வீட்டினுள் இருத்துவது சிற்றுயிர்களுக்குச் செய்யும் உதவியாகும்.

இவ்வளவு காத்தும் பூனை வாந்தியெடுத்து, எச்சில் வடித்து, சோர்ந்து கிடப்பின், கைம்மருந்து செய்து காலத்தைப் போக்கலாகாது. உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்தல் தீமையை மிகுவிக்கும். கடிபட்ட செடியின் இலையொன்றையும் எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் விரைந்து செல்லுதலே தக்கது. எந்தச் செடி என்று தெரிந்தால் மருத்துவரின் பணி பாதி எளிதாகும்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பது பழமொழி. நச்சுச்செடியை முற்றத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் நேராது என்று கண்ணை மூடிக்கொள்வோர்க்கும் அது பொருந்தும். செடியின் பெயரை அறிதல், அதன் இயல்பை வினவுதல், அதற்குரிய இடத்தில் அதனை நடுதல் ஆகிய இம்மூன்றுமே பூனை வாழும் இல்லத்தின் தோட்டக்கலையாகும். பேசவியலாத ஓர் உயிர் அச்சமின்றி உலாவும் தோட்டம், தவழும் குழந்தைக்கும் அச்சமற்றதாக விளங்கும்.